விரிசல் விழுந்த உயரம்

அந்த ஸ்கேன் சென்டரின் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எல்லோரும் கூப்பிடுவதென்னவோ 'பூதக்கண்ணாடி அக்கா' என்றுதான். பதினோரு வருடமாக அங்கே துப்புரவு வேலை. படியில் பதிந்த செருப்புத் தடத்தைப் பார்த்தே யார் தாமதமாக வந்தார்கள் என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் அவள் கூடவே பிறந்தது. கல்யாணமான புதிதில், லாரி மெக்கானிக்கான கணவர் ஆசையாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். காலில் போட்டுப் பார்க்குமுன், "என்ன தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்த மனிதர் அவளைக் கேட்காமல் ஒரு குண்டூசிகூட வாங்கி வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் வேலை பார்த்த இடத்தில்தான் அந்தப் பலகை வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கி வந்து வரவேற்புக் கூடத்தின் நடுவே நிறுத்தினார்கள். ஓர் ஆள் உயரம், நாலு விரல் கனம், பால் கலந்த தண்ணீர் நிறத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக். எழுத்தில்லை, படமில்லை, ஒரு கோடுகூட இல்லை. செய்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு பெண். சிற்பியாம்.

"இது எதுக்கு மேடம்?" என்று கேட்டாள்.

"வெளிச்சத்துக்குத்தான். வாசல் வெளிச்சம் உள்ள போய் என்ன ஆகுதுன்னு பாருங்க. தொடைக்கறதுக்கு வெறும் தண்ணி, பஞ்சுத் துணி, அவ்வளவுதான். ஸ்பிரிட் மாதிரி எதாவது பட்டா நூல் நூலா வெடிச்சிடும்."

வெளிச்சத்துக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் பலகை சாம்பலாக இருக்கும். உச்சி வேளையில் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி வெளிறிப் போகும். நாலு மணிக்கு வாசல் வழியே வெயில் சாய்ந்ததும் உள்ளுக்குள் மஞ்சள் ஊறி நிற்கும். உள்ளே எங்கோ பல்பு இருக்கிறதென்று முதல் வாரம் முழுக்கக் குனிந்து குனிந்து வயரைத் தேடினாள். வயர் இல்லை.

மற்றவர்களின் சந்தேகம் வேறு மாதிரி. "உள்ள கேமரா வச்சிருக்காங்கக்கா. நாம எத்தனை மணிக்கு வர்றோம், எவ்வளவு நேரம் போன் பேசறோம், எல்லாம் மேனேஜர் ரூம்ல தெரியுமாம்" என்றாள் ரிசப்ஷன் பெண். எக்ஸ்ரே எடுப்பவர் அடித்துச் சொன்னார், உள்ளே ஏதோ அசைவதைக் கண்ணால் பார்த்தாராம். பலகைக்கு அந்தப் பக்கம் நடந்துபோன யாருடைய நிழலோ அது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நாலாவது மாதம் பலகையில் விரிசல் விழுந்தது. மயிரிழை மாதிரி மெல்லிசாக, கொத்துக் கொத்தாக. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"இதைத் தொடறது நீங்க ஒருத்தர்தான். என்ன ஊத்தித் தொடச்சீங்க?"

"தண்ணி சார்."

"தண்ணிக்கு எதாவது வெடிக்குமாம்மா?"

மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'கவனக்குறைவு' என்று அச்சடித்திருந்தது. பதினோரு வருடத்தில் முதல் கடிதம். யாரோ செய்துவிட்டுத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று தீர்மானித்தாள். அன்றிலிருந்து துடைப்பதைவிடப் பார்ப்பதே அதிகம் என்றாகிவிட்டது.

முதலில் மாட்டியவள் ரிசப்ஷன் பெண். மேஜையைத் துடைக்கும் சாக்கில் அந்தப் பெண்ணின் டிராயரை இழுத்துப் பார்த்தாள். உள்ளே நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டில். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி.

"இதைத்தானே அதுல தேச்ச?"

"ஐயோ அக்கா, சத்தியமா இல்ல! நான் எதுக்குக்கா அப்படிப் பண்ணணும்?" அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

'அழுதா ஆச்சா?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நாலு மணி வாக்கில், பலகையின் அடியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் உள்ளே ஏறியதும் விரிசல்கள் ஒவ்வொன்றும் மின்னின. அப்போதுதான் கவனித்தாள். அடியில் ஒரு விரிசல்கூட இல்லை. எழுந்து நுனிக்காலில் நின்று பார்த்தாள், மேலேயும் இல்லை. அவள் துணி போகாத இடமே அதில் கிடையாது. அப்புறம் விரிசல் மட்டும் ஏன் மார்புக்கும் நெற்றிக்கும் நடுவே? அதுவும் இரண்டிரண்டு கொத்தாக, நடுவில் ஒரு முக அகலம் விட்டு?

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். வாசலில் மாட்டியிருந்த சானிடைசரை அழுத்தி, கையைத் தேய்த்துக்கொண்டே நேராகப் பலகைக்கு வந்தார். இரண்டு கையையும் முகத்துக்கு இருபுறமும் அணைகட்டியது போல வைத்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

ஓடிப்போய் சானிடைசர் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். முக்கால்வாசி ஸ்பிரிட்.

மேனேஜரைக் கையோடு கூட்டி வந்தாள். "சார், உள்ள கேமரா இருக்கான்னு பாக்கணும்னா எப்படிப் பாப்பீங்க? பாருங்க சார்."

அவர் குனிந்து கையை வைத்தார். இரண்டு உள்ளங்கையும் விரிசல் கொத்துகளின் மேல் அச்சாகப் பொருந்தின.

"பழக்கப்பட்ட கை மாதிரி இருக்கே சார்?"

"நான்... ஒரே ஒரு தடவைதான். உள்ள நிஜமாவே எதாவது வச்சிருக்காங்களோன்னு..." என்று இழுத்தார்.

சிற்பிக்குத் தகவல் போனது. அவர் வந்து விரிசல்களைத் தடவிப் பார்த்தார், சானிடைசர் பாட்டிலையும் மோந்து பார்த்தார். "இவங்க சொல்றது சரிதான். இழைச்சு மெருகு போட்டா சரியாகும், கனம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றார். சானிடைசர் அன்றே கழுவுதொட்டிப் பக்கம் இடம் மாறியது.

"உள்ள நிஜமா என்னதான் மேடம் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு குமிழிகூட இல்லாம ஊத்தி எடுக்கத்தான் ஏழு மாசம் ஆச்சு."

ஒன்றுமில்லாததற்கு ஏழு மாதமா? அவள் தலையை ஆட்டினாள். ஆனாலும் நம்பின மாதிரி இல்லை.

ரிசப்ஷன் பெண்ணின் மேஜையில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு, "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அந்தப் பெண் டீயைக் குடித்தாள். ஆனால் டிராயருக்குப் பூட்டு போட்டுவிட்டாள்.

மேனேஜர் வாய்வார்த்தையில் முடிக்கப் பார்த்தார். "அதான் தெரிஞ்சு போச்சேம்மா, விடுங்க."

"எழுதிக் குடுத்த பழிய எழுதியே எடுங்க சார்."

சாயங்காலம் கடிதம் தந்தார். நின்றபடியே படித்தாள். 'விரிசலுக்குத் துப்புரவுப் பணியாளர் காரணமல்ல என்று தற்போதைக்குத் தெரிய வருகிறது.'

"தற்போதைக்குன்னா? நாளைக்கு வேற மாதிரி தெரியுமோ?"

"அது சும்மா ஆபீஸ் பாஷைம்மா."

"சும்மாதானே சார்? எடுத்துடுங்க."

அவர் திரும்பப் போய் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். புதுக் கடிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். கையெழுத்து, சீல், தேதி எல்லாம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். மடித்துப் பைக்குள் வைத்தபின், வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் படியேறினாள்.