குங்குமம் இட்ட இஞ்சின்

எங்கள் கார் விஜயதசமி அன்று காலை ஆட ஆரம்பித்தது. லஸ் சிக்னலில் நின்றால் கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் தலையாட்டுவார், பக்கத்து ஆட்டோக்காரர் என்னை அனுதாபத்தோடு பார்ப்பார். கிளம்பினால் வண்டி இழுக்காது. நடுநடுவே விக்கல் வேறு.

என் கணவருக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு எதற்குமே காரணம் உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நானாகத்தான் இருப்பேன்.

"கிளட்ச்லயே காலை வெச்சுண்டு ஓட்டினா எந்த வண்டிதான் ஆடாது? சரியாகற வரைக்கும் நீ தொட வேண்டாம்" என்று சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐம்பதை நெருங்கும்போது லைசென்ஸ் எடுத்தவள் நான். மாட வீதியில் காய்கறிக் கூடைகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே வளைத்து வளைத்துப் பழகி, அடையாறில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் போய்வர ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாவி போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பை உணர்ந்துவிட்டேன் என்று அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. வடபழனியில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார், "லேடீஸ் ஓட்ற வண்டியா சார்? அதான் இப்டி ஆடிக்கினு கீது." ஒரே கேள்வியில் இருவரும் உயிர் நண்பர்களாகிவிட்டார்கள். ஏர் ஃபில்டர் மாறியது, இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் மாறின. புது ரப்பர்களின் மேல் இஞ்சின் இன்னும் சௌகரியமாக ஆடியது. மேல் வீட்டு மாமா பெட்ரோல்தான் குற்றவாளி என்றார். பாவம், அவருடைய கட்சியில் யாரும் சேரவில்லை. எல்லோரும் என் இடது காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, நான் அந்தக் காலோடு ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, இஞ்சின் கோளாறை மொபைலில் காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சனிக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். என் வண்டிச் சாவியை நானே திருட வேண்டியிருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகினேன். இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றது. என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து, அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி வெளியே இழுத்தேன். நுனியெல்லாம் சிவப்பாக, ஈரமாக வந்தது. ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். மோந்து பார்த்தேன். சந்தன வாசனை.

அப்போதுதான் புரிந்தது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுவது எங்காத்தில் அவருடைய உரிமை. எனக்குப் பதமாகக் கழுவ வராதாம். இந்த வருஷம் பக்தி முற்றி, இஞ்சின் மேல் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு ஹோஸ் பைப்பால் அபிஷேகமே செய்தார். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு காயிலின் தலையிலும் சந்தனம், குங்குமம். இரண்டாவதன் மேல் கை தாராளமாகிவிட்டது போலும். எல்லாம் கரைந்து பிளக் குழிக்குள் இறங்கிச் சேறாகிவிட்டது.

அவரை எழுப்பி அழைத்து வந்து காட்டினேன். காயிலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதித் தூக்கத்துக்கு மாடி ஏறிவிட்டார்.

குழியைத் துடைத்துப் புது பிளக்கும் காயிலும் போட்டேன். திங்கட்கிழமை காலை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். லஸ் சிக்னலில் வண்டி நின்றது. பிள்ளையார் அசையவில்லை. என் கணவர்தான் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாத்தியா, கிளட்ச்லேர்ந்து காலை எடுத்தே, ஆட்டம் நின்னுடுத்து."

சிக்னல் விழுந்ததும் வண்டியை ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் ஓரம் கட்டினேன்.

"ஏன் நிறுத்தறே?"

"இறங்கிக்கோங்கோ. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினேள்னா காலு மறுபடி கிளட்சுக்குப் போயிடும்."

இறங்கிக்கொண்டார். அடையாறு வரை வண்டி ஒரு விக்கல்கூட விக்கவில்லை.