வண்டி உட்கார்ந்த உயரம்

கார் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கும் கடை அவளுடையது. அவளை எல்லோரும் சீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த லாரி டிரைவர்கள்கூட, "சீட் அக்கா, முதுகு வலிக்குது, கொஞ்சம் ஃபோம் கூட வச்சுத் தைங்க" என்று வந்து நிற்பார்கள். எவ்வளவு தடித்த ரெக்சினாக இருந்தாலும் அவள் தையல் வளையாது. இந்தத் தையலை அவள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அவளுடைய அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முகத்துணி அடிக்கடி கிழிந்துவிடும். அதைத் தைக்க ஆள் தேடி அலுத்துப்போய், அம்மாவின் தையல் மெஷினில் அவளையே உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

அப்பாவிடம் ஒரு ஸ்டேஷன் வாகன் இருந்தது. டிக்கி என்று தனியாக இல்லாமல், கூரை கடைசிவரை ஓடிப்போய் ஒரே மடிப்பில் கீழே இறங்கும் நீள வண்டி. கூட்டம், கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று எங்கே அழைப்பு வந்தாலும் அந்த வண்டியில்தான் சாமான் போகும். பெரிய பெட்டிகள் அடியில், ஆம்ப்ளிஃபயர் நடுவில், வயர்ச் சுருள்கள் இடுக்குகளில். அம்மா முன்சீட்டில் மைக் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்வாள். இவளுக்குப் பின்னால் வயர்ச் சுருள்மேல் இடம். சூடான தூசியும் பழைய துணியும் கலந்த ஒரு வாசனை அங்கே அடிக்கும். அந்த இடம் இவளுக்கு ஊஞ்சலுக்குச் சமம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாகப் படுத்திருந்தால் இன்றைக்கு வெளியே போகப்போகிறோம். புத்தகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவாள்.

பெரிய பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. ஊருக்கே கேட்கும்படி பிழைப்பு நடத்தியவருக்கு வீட்டில் யார் பேசினாலும் கேட்கவில்லை. ஒருநாள் மைக் செட்டை மொத்தமாக ஒரு புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டியை மட்டும் கொடுக்கவில்லை. அதற்குப் புது ஸ்பிரிங் போட்டு, பெயின்ட் அடித்து, ஷெட்டில் நிறுத்தி வைத்தார். அம்மா போன பிறகு அதையும் ஓட்டுவதை விட்டார். பின்னால் ஹாரன் அடித்தால் கேட்கவில்லை என்று சொல்லி ஒரு காலை நேரத்தில் சாவியை மகள் கையில் கொடுத்தார்.

அவள் சந்தோஷமாகத்தான் ஓட்டி வந்தாள். ஆனால் கடை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது என்னவோ இடித்தது. அதே வண்டி, அதே விளக்கு, அதே நீளம். ஆனால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாமான் ஏறினால் தாங்கட்டும் என்று கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டிருக்கிறார். இப்போது சாமான் இல்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் வேறு யாரோ கதவைத் திறப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவரிடம் சொன்னாள்.

"வாத்து மாதிரி நிக்குதுங்க. பார்க்கவே சகிக்கல."

"கூட்டிட்டு வா, இடுப்புல ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஒர்க்ஷாப். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் செய்யும் ஆள். எந்த வேலைக்கும் பறக்கமாட்டார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர் வந்துவிட்டது. இவள் அவரைத் தம்பி என்பாள். ஒருநாள் நான்கு ஸ்பிரிங்குகளை ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"வண்டியத் தாழ்த்தணும் தம்பி. நாலு விரல் இறங்கும்னு கடையில சொன்னாங்க."

நிதானம் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துச் சுற்றுகளைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். டீ வந்தது, குடித்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, இது காருக்கு வர்ற செட்டு. உங்களுது வாகன்."

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஒரே மூஞ்சிதானே?"

"மூஞ்சி ஒண்ணுதான். முதுகு வேற. வாகனுக்குப் பின்னாடி எடை ஜாஸ்தி. இதைப் போட்டா முன்னாடி சரியா இறங்கும், பின்னாடி படுத்துடும். அப்புறம், ஸ்பிரிங் குட்டையாச்சுன்னா ஸ்ட்ரட்டும் குட்டையா இருக்கணும். இல்லேன்னா பள்ளத்துல விழும்போதெல்லாம் அடி வாங்கும்."

பின்னாடி படுத்துவிடும் என்ற சொல்தான் அவள் காதில் விழுந்தது. மற்றது எதுவும் விழவில்லை.

"பரவாயில்ல, போடுங்க."

"நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு தம்பி."

கடைக்கு விடுமுறை விட்ட நாளில் வேலை நடந்தது. அவள் ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நிதானம் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்து, தோளால் முட்டி ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றினார். முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த கால் மாதிரி ஒரு பாகம். அதுதான் ஸ்ட்ரட். பிரேக் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பை விலக்கி, கீழே இருந்த போல்ட்டுகளைத் தட்டி எடுத்து, பானெட்டுக்குள் மேல்நட்டுகளைக் கழற்றியதும் அது அப்படியே கழன்று கையில் வந்தது. ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கி போட்ட நீள ஸ்க்ரூக்களை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்கி அதை நெருக்கினார்.

"எதிர்ல நிக்காதீங்க அக்கா. இது தெறிச்சா உங்க வீட்டுக்காரர்தான் படம் எடுக்கணும்."

அவள் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பின்பக்கம் அவ்வளவு பாடு இல்லை. கடைசியில் வண்டி தாங்கிகளிலிருந்து இறங்கியது. பின்பக்கம் மெல்ல அமுங்கி, சக்கரத்தின் தலையை மறைத்து, பழையபடி தரையைப் பார்த்துப் படுத்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். தெருமுனையில் புத்தகப் பையோடு நின்று பார்த்த அதே முதுகு. நிதானம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். அவள் கவனிக்கவில்லை.

நேராக அப்பா வீட்டுக்கு ஓட்டினாள். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் எதுவோ உரசியது. ஒரு பள்ளத்தில் சுத்தியல் அடித்த மாதிரி சத்தம் வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே இருந்த மரக்கிளைகளில் விழுந்தது. எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்பா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். நேரே பின்னால் போய்க் கதவைத் தூக்கினார். உள்ளே குனிந்து பார்த்தார். காலி.

"என்ன ஏத்தின? எங்க இறக்கின?"

"ஒண்ணும் ஏத்தலப்பா. ஸ்பிரிங் மாத்தியிருக்கேன்."

"என்ன?"

"ஸ்பிரிங் மாத்தியிருக்கேன்" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. "பழைய மாதிரி இருக்கட்டும்னுதான்ப்பா. நீங்க மைக் செட் ஏத்திட்டு நிக்கும்போது இப்படித்தானே இருக்கும்?"

அப்பா கதவை மெதுவாகச் சாத்தினார். முகம் விழுந்துவிட்டது. பாராட்டுவார் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

உள்ளே போய் டீ போட்டுக் கொடுத்தாள். பாதி டம்ளர் காலியான பிறகு அவராகவே பேசினார்.

"ஏத்தினதால மட்டும் அப்படிப் படுத்துச்சுன்னு நினைச்சியா? ஸ்பிரிங் செத்துக் கிடந்துச்சும்மா. மாத்த வழியில்லாம அப்படியே ஓட்டினேன். வீட்டை விட்டுக் கிளம்பினா திரும்பி வர்ற வரைக்கும் பயம்தான். பாலம் ஏறும்போது அடியில இடிக்கும். அதுக்குத்தான் உங்கம்மாவை இறங்கி நடக்கச் சொல்லுவேன். நீயும் கூடவே குதிச்சுடுவே."

அவளுக்கு அந்த நடை நன்றாக நினைவிருந்தது. பாலத்தின் ஓரத்தில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, கீழே தண்ணீரில் கல் போட்டுக்கொண்டே நடப்பாள். அம்மா ஏதாவது பாடிக்கொண்டே வருவாள். மேலே வண்டி காத்திருக்கும். அது காற்று வாங்குவதற்காக இறங்கிய நடை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"அம்மா ஒருநாளும் சொல்லலையே."

இதை அவள் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அவளுக்கு அந்த நடை பிடிக்கும்" என்றார். "நான்தான் மேல நின்னு வெட்கப்பட்டுட்டு இருப்பேன். எல்லாத்தையும் வித்த பிறகு முதல் வேலையா ஸ்பிரிங் போட்டேன். வண்டி நிமிர்ந்து நின்னுச்சு. அவளை முன்னாடி உட்கார வச்சு ஒரு சுத்து சுத்தினேன். நல்லா இருக்குன்னு சொன்னா."

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள். தன்னுடைய சந்தோஷம் அப்பாவின் அவஸ்தைமேல் உட்கார்ந்திருந்ததற்கு அழுதாளா, அம்மா இல்லாததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனாள். நிதானம், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. அதற்காகவே பிற்பாடு அவள் அவருக்கு ஒரு நாற்காலி மெத்தை தைத்துக் கொடுத்தாள்.

"ஐயா, பழசையே போட்டுடவா? பத்திரமா வச்சிருக்கேன்."

அப்பா சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இவளுக்கு அது பிடிக்கல."

"பழசே போடட்டும்ப்பா" என்றாள் அவள்.

"சும்மா இரு. வாத்துன்னு சொன்னியாமே. உன் வீட்டுக்காரர் சொன்னார்." சிரித்தார். "பழைய பயத்துல சாமான் தாங்குறதாப் பார்த்துப் போட்டுட்டேன். சாமான்தான் இல்லையே. முன்னும் பின்னும் ஒரே மட்டமா இருந்தாப் போதும் எனக்கு."

நிதானம் தலையை ஆட்டிக்கொண்டார். "அக்காவுக்குத் தாழ்வு வேணும், ஐயாவுக்கு மட்டம் வேணும். வாகனுக்குன்னே ஒரு செட்டு இருக்கு. ஸ்பிரிங்குக்கு ஏத்த குட்டை ஸ்ட்ரட், பின்னாடிக்கு அதே கம்பெனி ஷாக். ரெண்டு விரல்தான் இறங்கும். வர வச்சுத் தரேன். அவசரப்படுத்தாதீங்க."

யாரும் அவசரப்படுத்தவில்லை. செட் வந்து சேர்ந்த அன்று அப்பாவும் வந்து உட்கார்ந்தார். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும் என்று நிதானம் அடியில் படுத்துக்கொண்டு இறுக்கினார். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்கப் போகவேண்டியிருந்தது. சாவியை அவள் அப்பாவிடம் நீட்டினாள்.

"காது கேட்காதேம்மா எனக்கு."

"நான் கேட்டுச் சொல்றேன். ஓட்டுங்க."

கடைத்தெரு வழியாக மெதுவாக ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தபோதெல்லாம் அவள் அவர் தோளைத் தொட்டாள். புது ஸ்ட்ரட் கொஞ்சம் விறைப்பு. ரோட்டின் சின்னச் சின்ன மேடுகூட சீட்டில் தெரிந்தது. அவளுக்கு அது கொஞ்சம் சங்கடம். அப்பாவோ ஒரு கையை ஸ்டீயரிங்கிலும் இன்னொரு கையை சீட்டின் ஓரத்திலும் வைத்துக்கொண்டு, "ரோடு நல்லாக் கேட்குது" என்றார்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள் அவர் கடைக்கு வருவதும், இருவரும் ஒரு சுற்று போவதும் வழக்கமாயிற்று. அவர் எங்காவது நிறுத்தி, இந்த மண்டபத்தில் கரண்டு போன கதை, அந்த மைதானத்தில் மழையில் பெட்டி நனைந்த கதை என்று சொல்வார். அவள் நினைவில் இருந்ததும் அவர் சொல்வதும் பாதிதான் ஒத்துப்போகும். அவள் திருத்துவதில்லை. சில சமயம் அவர் திருத்துவார்.

சீட் உறையையும் அவளே புதிதாகத் தைத்தாள், அழுத்தமான சாம்பல் நிறத்தில். அந்த வாரம் லாரி ஆபீஸுக்கு ஃபோம் ரோல்கள் வந்திருந்தன. வண்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று பின்கதவைத் திறந்தாள். அப்பா கையை நீட்டி மறித்தார்.

"இதுல சாமான் ஏத்தாதே."

"பஞ்சுதான்ப்பா, எடையே இல்ல."

"பஞ்சா இருந்தாலும் சரி. ஒரு வேன் சொல்லிக்கோ."

அவள் வேன் சொன்னாள்.