மூணாம் டேங்க் அக்கா

அக்கா சாம்பிள் பாட்டிலைக் குலுக்குகிறார். ட்யூப் லைட்டுக்கு நேரே பிடிக்கிறார். மூடியைத் திறந்து ஒரே ஒரு முகர்வு. "மண்வாசனை வந்திருச்சு. வேலையை ஆரம்பிச்சிட்டாங்க" என்கிறார், யாரும் கேட்காமலே. வெளியே தூறல் விழுந்து மண்வாசனை வந்தால்கூட இவர் டேங்கைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

மருந்துத் தொழிற்சாலையில் மூன்றாம் டேங்க் இவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர். டேங்க் இரண்டு ஆள் உயரம். உள்ளே கூழ் மாதிரி ஒன்று நுரைத்துக்கொண்டே இருக்கும். அதிலுள்ள கிருமிகள்தான் மருந்தைச் சுரக்கின்றன. மழையில் மண் மணப்பதும் இந்த இனத்தால்தானாம். நான் அங்கே பைப் ஃபிட்டர், எட்டாவதோடு நின்றவன். எனக்கே விளங்கும்படி ஒருநாள் சொன்னார்:

"முதல் ரெண்டு நாள் தின்னும், பெருகும். மருந்து சொட்டுக்கூட வராது. தீனி குறைஞ்சு வளர்ச்சி நின்னாத்தான் சுரக்கும். வளர்ற வயசுல எந்தப் பிள்ளைய்யா சம்பாதிச்சுப் போட்டிருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரர் வளர்ச்சி நின்னும் சம்பாதிக்கல. அது வேற கதை."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவரே ஒருமுறை, பாவம் பசிக்குமே என்று இரக்கப்பட்டு, சர்க்கரைக் கரைசலைத் திறந்துவிட்டிருக்கிறார். கிருமி மண்டிக் கூழ் களியாகிப் போனது. மருந்து இல்லை. எச்சரிக்கைக் கடிதம்தான் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

போன வாரம் புது ஆபீசர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார். ஏறிக்கொண்டிருந்த வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டதாம்.

"ஏம்மா, உள்ள எல்லாம் செத்துக்கிட்டிருக்கு. சர்க்கரையைத் திறந்துவிடுங்க."

"சாகல சார். இப்பத்தான் வேலைக்குப் போயிருக்கு."

"விளையாடாதீங்க. டேங்க் கெட்டுச்சுன்னா கடிதம் உங்க பேர்லதான் வரும்."

"வரட்டும் சார். லேப் ரிசல்ட் அதுக்கு முன்னாடி வருதான்னு பார்ப்போம்."

சொல்லிவிட்டு சர்க்கரை வால்வின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். ஆபீசரும் நகரவில்லை. நான் ஒழுகாத பைப்பை ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க வேறு என்ன சாக்கு?

நாற்பது நிமிடம் கழித்து லேப்காரம்மா சீட்டோடு வந்தார். மருந்தின் அளவு காலையில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. ஆபீசர் சீட்டை இரண்டு தரம் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை. இடது கையால் வலது கை விரல்களை வால்விலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.