ஒட்டும், ஒட்டாது

"கொண்டையில ஒண்ணு இருக்குமே, அதையும் எடுத்துடுங்கம்மா."

எல்லாவற்றையும் கழற்றியாயிற்று என்று அந்த அம்மாள் சத்தியம் செய்கிறார். சோதிக்கிறவர் நகர்வதாக இல்லை. கடைசியில் கொண்டைக்குள்ளிருந்து ஓர் ஊசி வருகிறது. கூடவே, அந்த அம்மாளே மறந்துபோயிருந்த இன்னொன்றும் வருகிறது. தட்டை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொள்கிறார். புதையல் அகப்பட்டவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போகிறவர்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. பதினொரு வருடமாக அந்த வாசலில்தான் நிற்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் ஊக்கு அண்ணன். யார் உடுப்பில் ஊக்கு ஒளிந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவர் மேலே மட்டும் சல்லடை போட்டுத் தேடினாலும் குண்டூசி அளவு இரும்பு கிடைக்காது. பெல்ட் கிடையாது, நாடா வைத்த கால்சட்டை. கடிகாரம் கிடையாது, அதனால் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மணி கேட்டு உயிரை வாங்குவார்.

மேசை இழுப்பறையில் நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்று வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்துப் பொருள் எல்லாம் இரண்டே வகை: ஒட்டும், ஒட்டாது. தங்கம் ஒட்டாது, செம்பு ஒட்டாது, அலுமினியம் ஒட்டாது. பாத்திரக் கடைக்குப் போனால் இந்தக் காந்தமும் கூடவே போகும். "எல்லாத்தையும் எவர்சில்வர்ங்கறான். ஒரு கரண்டி ஒட்டுது, பக்கத்துக் கரண்டி ஒட்டலை. ஏன்?" கடைக்காரர் விலையை மட்டும் சொல்வார். மனைவி தெரியாதவர் போல அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்.

மிஷினைப் பழுதுபார்க்க வரும் இன்ஜினியர்தான் அவரிடம் வகையாக மாட்டுகிறவர். உள்ளே இருக்கிற பெரிய காந்தம் வெறும் கம்பிச் சுருள்தான், கரண்ட் ஓடினால் சுருளே காந்தமாகிவிடும் என்று அவர் சொன்னதை இவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் ஆணியில் கம்பியைச் சுற்றி பேட்டரியில் கொடுத்தார். ஆணி நாலு குண்டூசியைத் தூக்கியது. கம்பியை எடுத்தார், பொலபொலவென்று விழுந்தன. கொடுத்தார், எடுத்தார், கொடுத்தார். "உங்களுக்கு என்ன வயசாகுது?" என்று மனைவி வந்து கேட்கும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் புதுச் சந்தேகம். "கரண்ட்டை எடுத்தா ஊசி விழுந்துடுது. நம்ம மிஷின் மட்டும் ராத்திரி பகலா இழுக்குதே, எப்படி சார்?" அந்தச் சுருளைக் கடுங்குளிரில் வைத்திருக்கிறார்கள், அந்தக் குளிரில் கம்பி கரண்ட்டைத் தடுப்பதே இல்லை, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதே பாட்டுத்தான்: "மிஷின் சத்தம் நின்னா காந்தம் நின்னுடுச்சுன்னு நினைக்காதீங்க. அதுக்கு லீவே கிடையாது."

போன வாரம் அவருடைய மைத்துனரே வந்தார். இரும்புக் கேட் செய்யும் பட்டறைக்காரர். இடுப்பு வலி, ஒரு கால் மரத்துப்போகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சையை முடிவு செய்யலாம் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். அக்காதான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவ்வளவு வலியிலும் வாய் சும்மா இல்லை. "மாமா, வீட்டுல அக்காவையே சோதிச்சுத்தான் உள்ள விடுவீங்களாமே?"

ஊக்கு அண்ணன் படிவத்தைப் பார்த்தார். 'கண்ணில் உலோகத் துணுக்கு விழுந்ததுண்டா?' 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் இருந்தது. மைத்துனரின் மணிக்கட்டைப் பார்த்தார். பொறி தெறித்த கறுப்புப் புள்ளிகள்.

"கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போடுவியா?"

"போட்டா ஒண்ணும் தெரியறதில்லை மாமா."

"கண்ணுல எதுவுமே விழுந்ததில்லையா?"

"இரும்பெல்லாம் விழுந்ததில்லை. தூசிதான். அது வாரத்துக்கு ரெண்டு தடவை விழும். தேய்ச்சா போயிடும்."

"என்ன தூசி?"

"பட்டறையில வேற என்ன தூசி மாமா? கிரைண்டர்லேர்ந்து பறக்குமே, அதுதான்."

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. பட்டறையில் கையால் தூக்குகிற அளவு இருந்தால்தான் இரும்பு. கண்ணில் விழுந்தால் தூசி.

ஊக்கு அண்ணன் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே."

"வலியில துடிக்கிறான்! ஊருக்குப் பண்ற சோதனையெல்லாம் என் தம்பிகிட்டயுமா?" மனைவியின் குரல் வரவேற்பு மேசைவரை கேட்டது. கல்யாணமான நாள் முதல் அந்தக் குரலை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் நகரவில்லை.

"திட்டு, நல்லா திட்டு. உள்ள ஒரு துணுக்கு இருந்தா அந்தக் காந்தம் அதைக் கண்ணுக்குள்ளயே திருப்பிடும். பார்வை போச்சுன்னா யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அடுத்த அறையில்தான் எக்ஸ்ரே. கால் மணி நேரத்தில் படம் வந்தது. இடது கண் குழிக்குள் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்ததும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பத்தடி தள்ளி மூடியிருந்த ஸ்கேன் அறைக் கதவையே பார்த்தார். "மாமா, இப்ப... இங்கேர்ந்தே இழுக்குமா?"

"சேச்சே. இவ்வளவு தூரம் வராது. சுவத்துலயும் தடுப்பு இருக்கு."

உண்மைதான். காந்தத்தைக் கையால் மறைக்க முடியாது என்பதும் பதினொரு வருடம் அங்கே நின்றவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஊக்கு அண்ணன் அந்த நாற்பது வயது ஆளின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மிஷினுக்குத் தன் முதுகைக் காட்டியபடி, வெளிவாசல்வரை நடத்திக்கொண்டு போனார்.