சிவப்பு மறைந்த இரும்பு

இயந்திரப் பொறியியல் முதலாண்டில் நான் செய்ததை, இந்த வயதிலாவது சொல்லிவிட வேண்டும்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். கள்ளக்குறிச்சிச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து பழங்குடியினர் ஒதுக்கீட்டில் வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்த வெள்ளையனால், அதனால் கொல்லுப்பட்டறையின் முதல் வகுப்புக்கு வர முடியவில்லை. நான் முன்பே விடுதிக்கு வந்துவிட்டிருந்தேன். சிவப்பு மறைந்து கறுத்த பிறகும் இரும்பு சுடும், புறங்கையை அருகில் காட்டிப் பார்க்காமல் தொடாதீர்கள் என்று அன்றுதான் ஆசிரியர் சொன்னார்.

என் அண்ணனுக்குக் கிடைக்காத இடம் இவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்.

அடுத்த வகுப்பில், அடித்து முடித்துத் தரையில் போட்டிருந்த கம்பியைக் காட்டி வெள்ளையன் என்னிடம் கேட்டான்.

"ஆறிடுச்சாங்க?"

"அதான் கறுத்துப்போச்சே. இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? எடு."

உள்ளங்கை முழுக்கப் பற்றினான். தோல் கம்பியோடு போய்விட்டது.

"கோட்டாவுல வந்தவனுக்குச் சூடுகூடத் தெரியல சார்" என்றேன். பட்டறையே சிரித்தது.

புண் ஆறியபோது விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வரைபட வகுப்பில் பென்சில் பிடிக்க முடியாமல் படிப்பை விட்டான்.

விடுமுறையில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பக்கமான கச்சிராயபாளையம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, அவனாகவே வந்தான்.

"அத்தினி பேரு இருந்தாங்க. நம்ம பக்கத்துக்காரர்னுதாங்க உங்கள கேட்டேன்."

நான் பேருந்தில் ஏறி, அவன் நின்ற பக்கத்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அன்று பட்டறையில் "இல்லை" என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. கேட்டவனுக்கு அதைக்கூட நான் தரவில்லை.