தங்கையின் சைக்கிளும் ஊர்ச் சனமும்

போன வாரம் திங்கட்கிழமை மாலை நாலே முக்காலுக்கு என் தங்கை இராசமணி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வலது குதிக்காலில் இரண்டு கொப்புளம். இடதில் ஒன்று. நாட்குறிப்பில் இருக்கிறது. நான் எதையும் எழுதி வைக்கிறவன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!

இராசமணி ஆசிரியை. எங்கள் வீடு நீர்வேலியில். அவளுடைய பள்ளிக்கூடம் உடுவில் பக்கம். நடுவே நாலு மைல். உலக யுத்தம் வந்து பெற்றோல் போயிற்று. பெற்றோல் போக, பஸ்ஸும் போயிற்று. மூன்று வாரமாக நடக்கிறாள். அன்றைக்கு எட்டாவது தடவையாகப் பிந்திவிட்டாள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான்... ஆனாலும் சொல்லிவிட்டாராம் — அடுத்த மாசமும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும்.

"அண்ணை, நான் சைக்கிள் பழகட்டே? எங்கடை ரீச்சர் ஒராள் மாறிக் கொழும்புக்குப் போறா. தன்ரை லேடீஸ் சைக்கிளை எனக்குத் தந்திட்டுப் போறன் எண்டு சொன்னவ."

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆனால் சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம்?"

நியாயமான கேள்வி. பெயர் தெரியாத ஒருவரை நாட்குறிப்பில் எழுத எனக்குக் கை வராது. 'சனம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மறுநாளே விசாரிக்கப் புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை: பக்கத்து வளவுச் சின்னத்துரை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன காணும்? தங்கச்சி ஓடட்டும். நானே என்ரை மனுசியைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டுதானே கோயிலுக்குப் போறனான்."

"அப்ப பொம்பிளையள் சைக்கிளிலை இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"மிதிக்கலாமோ?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "அதுதான் காணும்... எனக்கு ஒண்டுமில்லை. பார்வதியக்கா ஏதும் சொல்லுவாவோ தெரியேல்லை."

என் குழப்பம் இங்கேதான் தொடங்கியது. பின்னால் உட்காரலாம். அதே சைக்கிளில் ஒன்றரை அடி முன்னால் உட்கார்ந்தால் கூடாது. அந்த ஒன்றரை அடிக்குள் சரியாக எந்த இடத்தில் மானம் போகிறது?

புதன்கிழமை: பார்வதியக்கா. தோட்டத்துக் கத்தரிக்காயைக் கடகம் நிறைய அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குத் தனியே நடந்து போய் வருகிறவர்.

"பாவம் தம்பி அந்தப் பெட்டை. கால் தேயத் தேய நடக்குது. நான் ஏன் குறை சொல்லப்போறன்? ஆனால் கோயில் வீதியாலை ஓடினால் வேலுப்பிள்ளையர் ஏதும் நினைப்பாரோ?"

பார்வதியக்கா நடந்து போவதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாக என் நாட்குறிப்பில் இல்லை. ஆகவே, பெண் தெருவில் தனியாகப் போவது பிழையில்லை. பாரம் தூக்கிப் போவதும் பிழையில்லை. அப்படியென்றால்... சீக்கிரம் போவதுதான் பிழையோ?

வியாழக்கிழமை: வேலுப்பிள்ளை. எங்கள் ஊர்க் கோயிலை நிர்வகிக்கிறவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் மறு வார்த்தை சொல்லாது.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அம்மனே வாகனத்திலைதானே வாறா!"

"அப்ப ஆர்தான் ஆட்சேபிக்கிறது?"

"சொன்னாக் கோவிக்கக்கூடாது."

"இல்லை, சொல்லுங்கோ."

"நீர்தான்."

எழுந்து போய்ப் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தார். இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் இதே பத்தி! இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் சைக்கிளில் போனதைப் பார்த்துவிட்டு நான் எழுதியது. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நம்பியிருந்தேன். அதில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு — 'எங்கள் பெண்கள் சைக்கிளில் ஏறினால் முதலில் கிழிவது சேலை. அடுத்தது குடும்பத்தின் பெயர்.'

"வாசிச்சுப்போட்டுச் சிரிச்ச சிரிப்பிலை வெட்டி வைச்சனான். பிறகு என்ரை மகள் சைக்கிள் கேக்கேக்கை இதைத்தான் எடுத்துக் காட்டினனான்."

"அவ இப்ப...?"

"உரும்பிராயிலை தையல் படிப்பிக்கிற வேலை ஒண்டு வந்தது. தினம் நடக்கத் தூரம் எண்டு விட்டிட்டாள். வீட்டிலைதான் இருக்கிறாள்." துண்டைப் பழையபடி மடித்தார். "இப்ப உம்மடை தங்கச்சி ஓடினா நீர் பேப்பரிலை என்ன எழுதுவீரோ எண்டு ஊர் பாத்துக்கொண்டு இருக்கு."

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். கேள்விக்குறியை வெட்டினேன். என் பெயரை எழுதினேன்.

குழப்பம் தீர்ந்ததா? இல்லை. அந்த வரியை நான் ஏன் எழுதினேன்? நர்ஸின் உடுப்பு கிழியவில்லை. அவள் ஒழுங்காகத்தான் போனாள். சனம் ரசிக்கும் என்றல்லவா எழுதினேன்? அவர்கள் எனக்குப் பயந்தார்கள். நான் அவர்களுக்குப் பயந்தேன். நடுவில் இரண்டு பெண்கள்... ஒருத்தி நடந்தாள், ஒருத்தி வீட்டில் இருந்தாள். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வெள்ளிக்கிழமை சைக்கிள் வந்தது. ஓட்டத் தெரியாதே! நாலு மைலும் தள்ளிக்கொண்டே நடந்து வந்தாள்.

சனியும் ஞாயிறும் பின்வளவில் பழக்கம். ஆறு தடவை விழுந்தாள். அதில் இரண்டு என்மேல். சேலையைச் சற்று உயர்த்திக் கட்டித் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினால் சங்கிலி அதைத் தொடுவதேயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிஷம். அவள் மிதிக்க, நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோயில் வீதி. வேலுப்பிள்ளை வாசலில் நிற்கிறார். வேலிக்கு மேலால் சின்னத்துரையின் தலை. சைக்கிள் இடமும் வலமும் ஆடுகிறது. எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது — விழுந்தாளென்றால் அந்தப் பென்சில் கோடு இன்னும் தடித்துப்போகுமே!

"அண்ணை, கையை எடுங்கோ!"

"விழுந்திடுவாய் பிள்ளை!"

"நீங்கள் பிடிச்சிருக்கிறபடியாலைதான் ஆடுது!"

எடுத்தேன். ஆட்டம் நின்றது.

அன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாளாம். இந்த வாரம் முழுவதும் ஒரு நாளும் பிந்தவில்லை. நேற்று மாலை வேலுப்பிள்ளை எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "உந்தச் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமையிலை சும்மாதானே நிக்கும்? என்ரை பிள்ளை ஒருக்காப் பழகிப் பாக்கட்டே..." அவருக்குப் பின்னால் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்வதியக்காவும் நின்றார். "அதுக்குப் பின்னுக்குக் கடகம் கட்டலாமோ தம்பி?"

வேலுப்பிள்ளை இந்தப் பத்தியையும் வெட்டி அதே பஞ்சாங்கத்துக்குள் வைக்க வேண்டும். பென்சில் நானே கொடுக்கிறேன்.

அதெல்லாம் சரி, சனம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்களா? சைக்கிளுக்குப் பின்னால் ஓடிய சனத்துக்கு முழங்காலில் பிடிப்பு... எண்ணெய் பூசிக்கொண்டு பேசாமல் கிடக்கிறது.