துருவாசர் விட்ட இடம்

எங்கள் தெருவில் பழைய கார்களின் அடிப்பாகத்தை வெல்டிங் செய்பவருக்குத் துருவாசர் என்று பெயர். வைத்தவன் நான்தான். நாள் முழுக்கத் துருவோடு வாசம். கோபமோ மூக்குக்கு மேல். எதிர்ச் சாரியில் நான் கார் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அவரிடம் வரும் வண்டிகளின் சீட்டைக் கழற்றுவதும், தைத்துத் திரும்ப மாட்டுவதும் என் பிழைப்பு. அதனால் அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

மற்ற பட்டறைகளில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். மிச்சத்தின் மேல் தார் அடித்தால் அடிப்பாகம் புதிது போல் கறுப்பாக மின்னும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தைதான். துருவாசருக்கு அந்த வித்தை வராது. பழைய தாரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மல்லாந்து படுப்பார். சின்னச் சுத்தியலால் விரலளவு இடம்கூட விடாமல் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துரு தின்ற தகடு பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டுத்தான் புதுத் தகட்டை வைப்பார்.

அவர் கீழே வெல்டிங் வைக்கும்போது வண்டிக்குள் ஒருவர் இருக்கவேண்டும். தரைத் தகட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கிடக்கிற பழைய அட்டை சூட்டில் புகையும். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டுக் காலால் உதைத்தால், கீழே அவர் நிறுத்துவார். இருபது வருஷமாக உள்ளே உட்காருவது அவர் மனைவி, அண்ணி. இரண்டு பேரும் வீட்டில் பேசியதைவிடத் தகரத்தின் வழியாகப் பேசியது அதிகம் இருக்கும்.

இருபது வருஷம் காதுக்குப் பக்கத்தில் தகடு அறுக்கிற கிரைண்டர் கத்தினால் காது என்ன ஆகுமோ அது அவருக்கும் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. ஆள் பேசும்போது உதட்டைப் பார்ப்பார். புரியாவிட்டால் எரிந்து விழுவார். எரிந்து விழுகிறவரிடம் யாரும் இரண்டாம் முறை பேசுவதில்லை. தட்டிப் பார்த்து வேலை செய்கிறவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், அவர் பெயர் அன்றோடு போச்சு. அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வார். அந்த நேரம் பார்த்து அண்ணி வண்டிக்கு அடியில் நுழைந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டுவார். சத்தத்தில் அவர் விழித்துக்கொள்வாரோ என்ற பயம் கிடையாது. விட்டுப்போன இடங்களில் வட்டம் போட்டுவிட்டு வந்து பாத்திரம் கழுவுவார். எழுந்து வருகிற மனுஷர் அதையும் தான் போட்டதாக நினைத்து வெட்டுவார். இப்படி இரண்டு வருஷம். நான் ஊசியும் நூலுமாக எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என்னிடமே, வயசாக ஆகத் தனக்குக் கை கூர்மையாகிக்கொண்டே போகிறது என்று பெருமை அடித்தார். முன்பு ஒரு வண்டியில் ஐந்து இடம் பிடித்தவர் இப்போது ஒன்பது பிடிக்கிறாராம். ஆமாம் அண்ணே என்றேன்.

அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறந்து அண்ணி மூன்று வாரம் அங்கே போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒரு பல் டாக்டர் தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயது வண்டி. ஈரச் சாக்கோடு உள்ளே உட்கார ஆள் இல்லாததால் நான் உட்கார்ந்தேன். கீழே அவர் கடைசிச் சுற்று தட்டிக்கொண்டிருந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட் நிற்கிற இடம் வந்தது. பொத்தென்று கேட்டது. என் காலுக்கு நேர் கீழே. சுத்தியல் நிற்காமல் நகர்ந்து போனது.

நான் காலால் உதைத்திருக்கலாம். உதைத்தால், அங்கே துரு இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் இரண்டு வருஷத்துக் குட்டும் உடையும். துணி தைக்கிறவனுக்குத் தகரத்தைப் பற்றி என்ன தெரியும், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் அதே இடத்தில் சீட்டை வைத்து, நாலு போல்ட்டையும் நானே முடுக்கினேன்.

பத்து நாள் கழித்து வண்டி திரும்பி வந்தது. குறுக்கே வந்த நாய்க்காக டாக்டர் பிரேக் போட்டிருக்கிறார். பக்கத்து சீட் பின்னாலிருந்து பிய்த்துக்கொண்டு கவிழ்ந்து, அவர் மனைவியின் முன்பல் பாதி உடைந்துவிட்டது. சீட் என்றதும் அவர் நேராக என் கடைக்குத்தான் வந்தார். போல்ட்டை ஒழுங்காக முடுக்கத் தெரியாதவனுக்குக் கடை எதற்கு என்று கேட்டார்.

துருவாசர் வந்து சீட்டைப் புரட்டினார். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அதோடு பிய்ந்து வந்த தகட்டுத் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். பொடியாக உதிர்ந்தது. முந்தின நாள்தான் திரும்பியிருந்த அண்ணி சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். தட்டினார். மூன்று வட்டம் போட்டார். துருவாசர் குனிந்து பார்த்தார். அவர் போடும் வட்டம் முட்டை மாதிரி கோணலாக இருக்கும். இவை வளையல் மாதிரி இருந்தன. இரண்டு வருஷமாக இந்த வளையல்களைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். அண்ணி வெளியே வந்ததும் கேட்டார்.

"எத்தனை வண்டி?"

அண்ணி அவருக்கு உதடு தெரியும்படி நின்று, "எல்லா வண்டியும்தான்" என்றார்.

இனி ஒரு வாரத்துக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. டாக்டரின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். காதருகே குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"டாக்டர், அந்தப் பையன் மேல தப்பில்ல. எனக்குக் காது கேக்கல. அதான் ஒரு எடத்தை விட்டுட்டேன். வெளிய சொல்லிடாதீங்க."

தெருக்கோடி டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் தன் காதைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வார்த்தைகளை உதட்டில் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: சொத்தையை உள்ளே விட்டு மேலே அடைத்தால் என்ன ஆகும் என்று பல் டாக்டரான தனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம், முழுசாக வெட்டுங்கள், ஆனால் தட்டுவது உங்கள் வீட்டம்மாவாக இருக்கட்டும். வண்டியை விட்டுவிட்டுப் போனார். விஷயம் தெரிந்து இரண்டு வாடிக்கைக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். மற்றவர்கள் அண்ணி தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

மறுநாள் டாக்டர் வண்டியின் சீட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணி என் கடைக்கு வந்தார். எதிரே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அன்னிக்கு உள்ள இருந்தது நீங்கதானே தம்பி. கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு அண்ணி."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். "கொஞ்சம் சத்தமா சொல்லணும்."